ஸ்நேகமும் சுவையும்: இல்லத்துக் கறியமுதில் எண்ணெயின் அளவு

வடமொழியில் 'ஸ்நேகம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. அன்பு என்பது ஒன்று. எண்ணெய், நெய் முதலிய பசையுள்ள பொருள் என்பது மற்றொன்று. பிரிந்து நிற்பவற்றை ஒட்டி இணைக்கும் தன்மை இரண்டிற்கும் பொதுவாதலின் ஒரே சொல் இரண்டையும் குறிப்பதாயிற்று. இல்லத்துத் தளிகையில் இவ்விரண்டு ஸ்நேகமும் வேண்டுவனவே. ஆயினும், அன்பின் மிகுதியை எண்ணெயின் மிகுதியால் காட்டவேண்டும் என்றதோர் எண்ணம் இந்நாளில் பல இல்லங்களில் வேரூன்றிவிட்டது. கறியமுதில் எண்ணெய் மிதந்தால்தான் அது சுவையுடையது என்று கருதுவோர் மிகப் பலர்.

இதனால் விளையும் இடர் ஒன்றன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவை இல்லந்தோறும் புகுந்துள்ள காலம் இது. மருத்துவர் பெரியவர்களை எண்ணெயைக் குறைக்கச் சொல்லுகின்றார். உடனே அவ்வில்லத்தில் இரு தளிகைகள் தொடங்குகின்றன. இளையோருக்கு எண்ணெய் சொட்டும் வறுவல். முதியவருக்கு நீரில் வெந்து நிறமும் மணமும் இழந்த காய். நெடுங்காலம் பெருமாள் அமுது செய்த பிரசாதத்தையே எல்லாருடனும் ஒக்க உண்டு வந்த பெரியவர், முதுமையில் தனி இலையில் தனிப் பத்தியம் உண்ணும் நிலைக்கு ஆளாகின்றார். உடல் நோயைக் காட்டிலும் இத்தனிமை அவரை மிகுதியும் வருத்துவதுண்டு.

இவ்விரட்டைத் தளிகைக்குத் தேவையே இல்லை. முறையறிந்து பக்குவம் செய்தால், சிறிதளவு எண்ணெயிலேயே காய்கறிகள் மிக்க சுவையுடன் அமையும். எம்பெருமானுக்குக் கண்டருளப் பண்ணிய ஒரே கறியமுதைக் குழந்தையும் முதியவரும் ஒருங்கே உண்ணலாம். அதற்கான வழிகள் ஈண்டு விரித்துரைக்கப்படுகின்றன.

நூல்கள் உணர்த்தும் அளவு

உண்ணும் உணவின் தூய்மையால் உள்ளம் தூய்மையுறும் என்பது சாந்தோக்ய உபநிஷத்தின் துணிபு. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் உபாஸகனுக்கு வேண்டும் ஏழு சாதனங்களை எடுத்தருளும்போது, 'விவேகம்' எனப்படும் உணவுத் தூய்மையையே முதலாவதாக வைத்தருளினார். ஸ்வாமி தேசிகன் (1268–1369) கொள்ளத்தக்க உணவையும் தள்ளத்தக்க உணவையும் அடியார் அறிந்துகொள்ளும் பொருட்டு 'ஆஹார நியமம்' என்றே தமிழில் ஒரு பிரபந்தம் அருளிச்செய்தார். ஆகவே அடுப்பங்கரை ஆராய்ச்சி ஆன்றோர்க்குப் புறம்பானதன்று.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் ஸாத்விக உணவின் இயல்புகளைக் கூறுமிடத்தில் 'ஸ்நிக்தம்', அதாவது பசையுடைமை, என்பதையும் ஒன்றாக எண்ணுகின்றது. அடுத்த சுலோகம் ராஜஸ உணவைக் கூறுமிடத்தில் 'ரூக்ஷம்', அதாவது பசையற்ற வறட்சி, என்பதைச் சேர்க்கின்றது. எண்ணெயை அறவே ஒழிக்கவேண்டும் என்பது கீதையின் கருத்தன்று என்பது இதனால் விளங்கும். அவ்வாறே, ஆறாம் அத்தியாயத்தில் மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கூறி, அளவான உணவே வலியுறுத்தப்படுகின்றது. இவ்விரண்டையும் கூட்டிப் பொருள் கொண்டால், பசை வேண்டும், அது அளவோடு வேண்டும் என்னும் முடிபு தானே கிடைக்கும்.

இக்காலத்தார் காட்டும் கணக்கு

இம்முடிபிற்கு இக்கால உணவு நூலும் அரண் செய்கின்றது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராமும், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராமும் போதும் என்று வகுத்துள்ளது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ நாலரை கிராம். எனவே 27 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. காலைச் சிற்றுண்டி முதல் இரவு உணவு வரை, சாதத்தில் வார்க்கும் நெய் உட்பட, ஒருவருக்குரிய அளவு இவ்வளவே.

இதனை இல்லத்துக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். பெரியவர் நால்வர் உள்ள இல்லத்திற்கு ஒரு மாதத்திற்கு எண்ணெயும் நெய்யும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை லிட்டர் போதுமானது. எண்ணெய்ப் பாத்திரத்தை நிரப்பிய நாளைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் குறித்து வைத்தால், மாத முடிவில் உண்மை புலப்படும். பெருமாள் திருவிளக்கில் ஏற்றும் எண்ணெய் இக்கணக்கில் சேராது.

ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு தருவதோ 9 கலோரி. அரைக் கிலோ புடலங்காய் 100 கலோரிக்கு மேல் தருவதில்லை. அதனை வதக்க ஒன்பது தேக்கரண்டி எண்ணெய் வார்த்தால், எண்ணெய் மட்டும் 360 கலோரிக்கு மேல் தரும். அப்போது இலையில் விழுவது காய் கலந்த எண்ணெயே அன்றி, எண்ணெய் கலந்த காய் அன்று.

மறுபுறம், எண்ணெயே இல்லாத காயும் முழுப்பயன் தாராது. பரங்கிக்காய், கேரட், கீரை ஆகியவற்றிலுள்ள கரோட்டின் என்னும் சத்து கொழுப்பில் கரைவது. உடன் சிறிது எண்ணெயோ நெய்யோ சென்றால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். அதற்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். தேங்காயையும் இக்கணக்கில் மறத்தலாகாது. பச்சைத் தேங்காயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பே.

பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது அறவே தவிர்க்கத்தக்கது. தூய பொருளும் இடையில் நேரும் காரணத்தால் கெடும் என்று பெரியோர் கூறும் 'நிமித்த தோஷ'த்தை இது நினைவூட்டுகின்றது. உணவு விற்போர் பயன்படுத்தும் பொரித்த எண்ணெயில் கேடுற்ற பொருள்கள் 25 சதவீதத்திற்கு மேற்படலாகாது என்று 2018ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சட்டமே நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் கண் எட்டாத இல்லத்து அடுப்பங்கரையில் இல்லத்தாரே காவலர்.

சுவை பிறக்கும் இடங்கள்

வைணவ இல்லங்களில் தளிகை செய்பவர், பெருமாள் அமுது செய்வதற்கு முன் ஒரு துளியேனும் நாவிலிட்டுப் பார்ப்பதில்லை. ஆதலின் கண், காது, மூக்கு, கை ஆகிய நான்குமே அங்கே நாவின் தொழிலைச் செய்கின்றன. நிறத்தைக் கண்டும், கடுகு வெடிக்கும் ஓசையைக் கேட்டும், மணத்தை முகர்ந்தும், காயை நசுக்கிப் பார்த்தும் பக்குவம் அறிகின்றனர். இம்முறையில் அளவே ஆசான். உப்பைக் கரண்டியால் அளந்திடுபவர் எண்ணெயை மட்டும் பாத்திரத்திலிருந்து நேராகச் சரிப்பது முறையாகாது. எண்ணெய்க்கும் ஒரு தேக்கரண்டியைத் தனியே வைத்துக்கொள்வதே முதற்படி.

இனி, எண்ணெய் செய்வதாக நாம் எண்ணும் தொழில்களைப் பிறவற்றைக் கொண்டு செய்யும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, புதுமை. அன்றன்று பறித்த காய்க்குத் தன் இனிப்பும் மணமும் உண்டு. வாடிய காய்க்கே எண்ணெயின் உதவி மிகுதியும் வேண்டும். காயை முதலில் கழுவிப் பின்னரே நறுக்கவேண்டும். நறுக்கிய காயை நீரில் ஊறவிட்டால் சத்து நீரோடு போகும். வாழைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ ஆகியவை கறுக்குமாதலின் மோர் கலந்த நீரில் இடுவது மட்டும் விதிவிலக்கு. துண்டுகள் ஒரே அளவாக இருந்தால் ஒருங்கே வேகும். மிகப் பொடியாக நறுக்கினால் எண்ணெய் குடிக்கும் பரப்பு பெருகும்.

இரண்டாவது, ஆவி. அடி கனத்த பாத்திரத்தில் காயை இட்டு, உப்பும் மஞ்சள்பொடியும் தூவி, ஒரு கை நீர் தெளித்து, மேலே ஒரு தட்டை மூடி அத்தட்டில் நீர் ஊற்றி வைப்பது நம் பாட்டிமார் கையாண்ட முறை. தட்டின் குளிர்ச்சியால் உள்ளெழும் ஆவி மீண்டும் நீராகிக் காயின்மேலேயே சொட்டும். காய் தன் சாற்றிலேயே வேகும், அடிப்பிடிக்காது, எண்ணெய் தேவைப்படாது. பூரி ஜகந்நாதர் திருக்கோயிலின் பெரிய மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமுது பக்குவம் செய்வது உலகறிந்தது. அங்கும் அனலும் ஆவியுமே பெரும்பணி செய்கின்றன.

மூன்றாவது, தாளிதம். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணம் எண்ணெயில் கரைந்து வெளிப்படுவது. அகன்ற வாணலியில் கடுகு மூழ்க மூன்று நான்கு தேக்கரண்டி எண்ணெய் வேண்டும். குழிந்த சிறு தாளிப்புக் கரண்டியிலோ ஒன்றிரண்டு தேக்கரண்டியே போதும். தொடக்கத்தில் தாளித்தால் மணம் வேகும்போதே ஆவியோடு போய்விடும். இறக்கும் தறுவாயில் தாளித்துக் கொட்டி உடனே மூடி, ஐந்து நிமிடம் விட்டால், மணம் முழுதும் காயில் இறங்கும்.

நான்காவது, வறுத்த பொடி. தனியா, கடலைப்பருப்பு, மிளகு, எள் முதலியவற்றை எண்ணெயின்றி வெறும் வாணலியில் சிவக்க வறுத்துப் பொடித்துத் தூவினால், எண்ணெயில் வறுத்த காயின் மணமும் மொறுமொறுப்பும் பெரும்பாலும் கிடைக்கும்.

ஐந்தாவது, புளிப்பு. எலுமிச்சைச் சாறு, தயிர், மாங்காய், நெல்லிக்காய் ஆகியவை நாவைத் தூண்டுவதால் எண்ணெயோடு உப்பும் குறையும். ஆனால் புளிப்பை முதலிலேயே சேர்த்தால் காய் எளிதில் வேகாது. பச்சை நிறமும் மங்கும். காய் வெந்த பின்னரே சேர்க்கவேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிவது நன்று. அதிலுள்ள சத்தும் கெடாது, கீரையிலுள்ள இரும்புச் சத்தையும் உடல் நன்கு ஏற்கும்.

செய்முறைகள்

கீழ்வரும் அளவுகள் நால்வருக்கு உரியவை. தத்தம் குல வழக்கில் விலக்குள்ள காய்களை விடுத்துப் பிறவற்றைக் கொள்க. மிளகாய் விலக்குள்ள நாள்களில் மிளகைக் கொள்க.

புடலங்காய்க் கறியமுது: அரைக் கிலோ புடலங்காயைச் சுரண்டி, விதை நீக்கி நறுக்கி, உப்பு, மஞ்சள்பொடி தூவி மேற்சொன்னவாறு நீர்த்தட்டால் மூடி இளந்தணலில் வைக்கவும். அரைமணி நேரம் ஊறிய பயத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டியை அதனுடனேயே சேர்க்கவும். பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மூடியைத் திறந்து நீர் வற்றியபின் தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி தூவி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். அவரை, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றிற்கும் இதுவே முறை. பச்சைக் காய்களுக்கு முதல் மூன்று நிமிடம் மூடாதிருந்தால் நிறம் மாறாது.

கத்தரிக்காய்ப் பொடிக் கறியமுது: கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது, நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. பச்சையாக எண்ணெயிலிட்டால் வார்க்கும் எண்ணெய் முழுவதையும் குடித்துவிடும். ஆவியில் முதலில் வேகவைத்தால் அவ்வறைகள் சுருங்கிவிடும். அரைக் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காயை நான்காகக் கீறி இட்லிப் பானையில் ஆறேழு நிமிடம் வைத்தெடுக்கவும். தனியா, கடலைப்பருப்பு வகைக்கு ஒரு மேசைக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, மிளகாய் வற்றல் ஒன்று, கொட்டைப்பாக்கு அளவு புளி ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுத்து உப்புடன் பொடிக்கவும். மூன்று தேக்கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்து, வெந்த காயையும் பொடியையும் சேர்த்து மெல்லப் புரட்டி, ஐந்து நிமிடம் இளந்தணலில் வைத்து இறக்கவும்.

கொத்தவரங்காய்ப் பருப்பு உசிலி: உசிலி என்றாலே எண்ணெய் மிகும் என்று அஞ்சுவர். துவரம்பருப்பு 150 கிராமை இரண்டு மிளகாய் வற்றலுடன் ஒருமணி நேரம் ஊறவைத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். நன்கு ஆறியபின் கையால் உதிர்த்தால் பூவாக உதிரும். நான்கு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, இவ்வுதிரியையும் தனியே வெந்த அரைக் கிலோ கொத்தவரங்காயையும் சேர்த்துப் புரட்டினால் போதும்.

வெண்டைக்காய்க் கறியமுது: வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின் நறுக்கவும். அகன்ற வாணலியில் மூன்று தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து, காயைப் பரப்பி, மூடாமல் வதக்கவும். ஒரு மேசைக்கரண்டி கெட்டி மோர் தெளித்தால் கொழகொழப்பு அகலும். உப்பை இறுதியில் சேர்க்கவும். முதலிலேயே சேர்த்தால் நீர் விட்டுக்கொள்ளும்.

வெண்பூசணிக்காய்க் கூட்டு: பயத்தம்பருப்பு 100 கிராமைக் குழைய வேகவைக்கவும். அரைக் கிலோ பூசணிக்காயை அதன் சாற்றிலேயே உப்பிட்டு வேகவைக்கவும். தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி அரைத்துச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஒரே ஒரு தேக்கரண்டி நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கவும். மருத்துவர் கண்டிப்புடன் எண்ணெயை விலக்கிய பெரியவருக்கும் இது ஏற்கும். எனினும் அவரவர் நோய்க்கேற்ற அளவை மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

பெருமாளுக்குக் குறைக்கலாமோ?

இவ்வளவும் கேட்டபின் ஆஸ்திகர்களுக்கு ஓர் ஐயம் எழக்கூடும். 'மனிதர் உடல்நலத்திற்காக எம்பெருமானுக்கு இடும் நெய்யையும் எண்ணெயையும் குறைப்பது அபசாரமாகாதோ?' என்பதே அது.

திருநாகேஸ்வரத்தருகே திருவிண்ணகரில் எழுந்தருளியுள்ள ஒப்பிலியப்பனுக்கு உப்பே சேர்க்காத அமுதே கண்டருளப் பண்ணப்படுகின்றது. அறுசுவையில் உப்பையே விட்டருளிய பெருமான், எண்ணெய் குறைந்தமைக்கு முகம் சுளிப்பானோ? இலையும் பூவும் பழமும் நீரும் அன்போடு இடின் ஏற்பேன் என்று கீதையில் உறுதி தந்தவனும் அவனே. அப்பட்டியலில் எண்ணெய் இல்லை, அன்பு உண்டு.

ஆண்டாள் அருளிய திருப்பாவையின் அமைப்பும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இரண்டாம் பாசுரம் நோன்பு நாள்களில் நெய்யையும் பாலையும் விலக்குகின்றது. இருபத்தேழாம் பாசுரமோ நோன்பின் நிறைவில் நெய் நிறைந்த பாற்சோற்றைக் கூடியிருந்து உண்பதைக் கொண்டாடுகின்றது. நாள்தோறும் அடக்கம், திருநாளில் நிறைவு என்னும் ஒழுங்கு இதில் காணக்கிடக்கின்றது. ஏகாதசி விரதத்தின் மறுநாள் துவாதசிப் பாரணையில் புளியை விலக்கி, அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என எளிய காய்கறிகளைக் கொள்வதும் இவ்வொழுங்கின் பாற்பட்டதே. ஆகவே கூடாரைவல்லியன்று அக்காரவடிசிலில் நெய்யைக் குறைக்கவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. ஆண்டில் ஒரு நாள் செய்யத்தக்கதை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் செய்வதே குற்றம். நாள்தோறும் அளவறிந்து உண்பவனுக்கே திருநாள் பிரசாதம் இனிக்கும்; அச்சமின்றி ஏற்கவும் இயலும்.

நிறைவுரை

எண்ணெயை ஒரே நாளில் பாதியாக்கினால் நா முரண்டும், இல்லத்தார் முணுமுணுப்பர். வாரந்தோறும் கறியமுதுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் குறைத்து வந்தால், சில வாரங்களில் நாவே புதிய அளவுக்குப் பழகிவிடும். பின்னர்ப் பழைய அளவு திகட்டுவதாகத் தோன்றும். காயின் சொந்தச் சுவை இன்னதென்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஒரே அடுப்பு, ஒரே தளிகை, ஒரே பிரசாதம் என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம். நோயுற்றவரைத் தனி இலைக்கு அனுப்பாமல், அவர்க்கு ஏற்றதையே எல்லாரும் விரும்பி உண்ணுமாறு பக்குவம் செய்வதே மெய்யான ததீயாராதனம். பாத்திரத்தில் ஸ்நேகம் அளவோடும், நெஞ்சில் ஸ்நேகம் அளவின்றியும் அமைந்த இல்லங்கள்தோறும் எம்பெருமான் உகந்து அமுது செய்வானாக.

சுபம்.